ஆக்ஸ்ஃபோர்டுக்கு எப்போது போகலாம்? தேதி குறிக்க ஒரு முழு வழிகாட்டி

லண்டனுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆக்ஸ்ஃபோர்டு போக நல்ல மாதம் எது?" மே என்று சொன்னால் உடனே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். மே கடைசி வாரத்தில் வந்து இறங்கி, கல்லூரி வாசலில் தொங்கும் 'பார்வையாளர்களுக்கு இன்று அனுமதி இல்லை' என்ற பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாதம் சரிதான், வாரம் தப்பு.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரே வளாகத்துக்குள் இருப்பதல்ல. ஊர் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனி நேரம். வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் லாட்ஜில் (காவல் அறை) உட்கார்ந்திருக்கும் போர்ட்டர், அதாவது வாயில்காப்பாளர், வைத்ததுதான் சட்டம். ஆகவே முதலில் பல்கலைக்கழக நாள்காட்டி, அடுத்து கிழமை, அதற்கப்புறம் வானிலை என்ற வரிசையில் பார்த்தால் தேதி தானாக அமைந்துவிடும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. தேதி தேடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உங்களால் மாற்றவே முடியாத தேதிகள் எவை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, விசா. பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும், கூட்டமான மாதங்களில் இன்னும் இழுக்கலாம். விசா கைக்கு வரும் முன், பணம் திரும்பக் கிடைக்காத எதையும் பதிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, கூட வருபவர்கள் யார் என்பது. மூட்டுவலியுள்ள அம்மாவோ மாமியாரோ வருகிறார் என்றால் குளிர்கால ஈரத்தில் நனைந்த கருங்கல் பாதைகள் ஒரு பெரிய விஷயம். ரேட்கிளிஃப் சதுக்கத்தைச் சுற்றியும் மெர்ட்டன் தெருவிலும் தரையில் பதித்திருப்பது உருண்டைக் கற்கள். மழை பெய்தால் வழுக்கும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடதடக்கும்.

மூன்றாவது, ஒரே நாளில் போய்த் திரும்புவதா, இரவு தங்குவதா? லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதனால் எல்லாரும் ஒருநாள் பயணமாகவே போடுகிறார்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். இந்த ஊரில் நல்ல நேரம் என்பது காலை பத்துக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான். ஒருநாள் பயணிகளுக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் நெரிசல் மட்டும்.

2. எதைப் பார்க்க ஆசை என்று எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போனால் பின்னால் எல்லாமே குழம்பும். ஏனென்றால் இங்கே இரண்டு ஆசைகள் ஒன்றுக்கொன்று முரண்.

கல்லூரிக் கட்டடங்களின் உள்ளே போய் உணவுக்கூடம், தேவாலயம், நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த புல்வெளிகள் (அங்கே 'குவாட்' என்பார்கள்) எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் மாணவர்கள் இல்லாத விடுமுறைக் காலம் நல்லது. வாசல் அதிக நேரம் திறந்திருக்கும்.

கருப்பு அங்கி பறக்க சைக்கிளில் போகும் மாணவர்கள், மாலையில் தேவாலயத்தில் பாடும் கல்லூரிப் பாடகர் குழு, ஆற்றில் படகுப் பயிற்சி என்று உயிரோடு இருக்கும் ஊரைப் பார்க்க ஆசையென்றால் கல்விப் பருவம் நடக்கும்போதுதான் போக வேண்டும். அப்போது பல கல்லூரிகள் மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு மேல்தான் வெளியாட்களை விடும்.

பூவும் தோட்டமும் தனிக் கணக்கு. திருவிழாக்கள் இன்னொரு கணக்கு. நான்கில் எது முக்கியம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இன்னொன்றை உபரியாக வையுங்கள். நான்கும் ஒரே வாரத்தில் அமைவது அபூர்வம்.

3. பல்கலைக்கழக நாள்காட்டியைத் திறந்து வையுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள், ஒவ்வொன்றும் எட்டே வாரம். மைக்கேல்மஸ் பருவம் அக்டோபர் இரண்டாவது வாரத்தையொட்டித் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். ஹிலரி ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. டிரினிட்டி ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் இருபது வாக்கில் முடியும். சரியான தேதி ஆண்டுக்கு ஆண்டு சில நாள் நகரும். பல்கலைக்கழகம் வரும் ஆண்டுகளுக்கான தேதிகளையும் சேர்த்தே வெளியிடுகிறது, அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே யாரும் 'மே 27' என்று பேசமாட்டார்கள். 'ஐந்தாம் வாரம் புதன்' என்பார்கள். வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்துக்குப் பூஜ்ய வாரம் என்று பெயர். அறிவிப்புகள் பலவும் இந்தக் கணக்கில்தான் இருக்கும் என்பதால், உங்கள் தேதிக்குப் பக்கத்தில் அது எத்தனையாம் வாரம் என்று எழுதிக்கொள்வது உதவும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "காலேஜ் லீவு என்றால் மூடித்தானே இருக்கும்" என்று நினைத்து விடுமுறையைத் தவிர்க்கிறார்கள். கிறிஸ்துமஸ் நீங்கலாக உண்மை நேர்மாறானது. விடுமுறையில்தான் வாசல் தாராளமாகத் திறக்கும்.

4. தவிர்க்க வேண்டிய நாள்களை அடித்துவிடுங்கள்

நல்ல நாளைத் தேடுவதற்கு முன் ஆகாத நாள்களைக் கழித்துவிடுவது சுலபம்.

டிசம்பர் 22 வாக்கிலிருந்து ஜனவரி 2, 3 வரை: கல்லூரிகளும் போட்லியன் நூலகமும் கிறிஸ்துமஸ் ஓய்வில் இருக்கும். 25ஆம் தேதி நாடு முழுவதும் ரயில் ஓடாது. 26ஆம் தேதியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மே கடைசி வாரம் முதல் ஜூன் மூன்றாம் வாரம் வரை: தேர்வுக் காலம். ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள தேர்வுக் கட்டடத்துக்கு மாணவர்கள் அங்கியும் வெள்ளை 'டை'யுமாகப் போவார்கள். சட்டையில் ஒரு கார்னேஷன் பூ இருக்கும். முதல் தேர்வுக்கு வெள்ளை, இடையில் இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. பார்க்க அழகுதான், ஆனால் வெள்ளைப் பூ குத்தியவரை நிறுத்தி செல்ஃபி கேட்காதீர்கள், பாவம். இந்த வாரங்களில் அமைதி வேண்டும் என்று பல கல்லூரிகள் பார்வையாளர்களைக் குறைக்கும், சில முற்றிலும் மூடும்.

பட்டமளிப்பு நாள்கள்: பெரும்பாலும் சனிக்கிழமைகளில், கிறிஸ்டஃபர் ரென் வடிவமைத்த ஷெல்டோனியன் அரங்கில் நடக்கும். அன்று அரங்குக்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. விடுதி அறை விலையும் ஏறும். இந்தத் தேதிகளும் முன்பே வெளியாகும்.

அக்டோபர் முதல் வாரம்: பூஜ்ய வாரம். புது மாணவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரின் கார்களால் ஊர் திணறும்.

செயின்ட் ஜைல்ஸ் திருவிழா: செப்டம்பர் 1க்குப் பிறகு வரும் முதல் ஞாயிறை அடுத்த திங்களும் செவ்வாயும். அகலமான செயின்ட் ஜைல்ஸ் தெரு முழுக்க ராட்டினங்கள் நிற்கும், பேருந்துகள் சுற்றிப் போகும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அந்தத் தெருவை ஒட்டிய கல்லூரிகளை அமைதியாகப் பார்க்க நினைத்தவருக்கு ஆகாது.

ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்தில் வரும் சேர்க்கைக்கான திறந்த நாள்கள்: நாடெங்கிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் குவிவார்கள். சுற்றுலாவுக்கு வேண்டாம். ஆனால் உங்கள் மகளோ மகனோ அங்கே விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தால் இதைவிட நல்ல நாள் கிடையாது. கல்லூரிகள் கட்டணமின்றித் திறந்திருக்கும், மாணவர்களே சுற்றிக் காட்டிப் பேசுவார்கள். செப்டம்பரிலும் இப்படி ஒரு நாள் உண்டு.

5. மீதமுள்ள மாதங்களை எடை போடுங்கள்

இங்கே என் விருப்பத்தை ஒளிக்கவில்லை. ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே 15 வரை முதலிடம். செயின்ட் ஜைல்ஸ் திருவிழா முடிந்த பிறகு செப்டம்பர் இறுதிவரை இரண்டாமிடம். மார்ச் பின்பாதி மூன்றாமிடம்.

ஏப்ரல் கடைசி முதல் மே நடு வரை. டிரினிட்டி பருவம் தொடங்கியிருக்கும், தேர்வு இன்னும் நெருங்கியிருக்காது. பாடகர் குழுக்கள் பாடும், படகுகள் ஓடும், கல்லூரிச் சுவர்களில் விஸ்டீரியா ஊதாக் கொத்துகளாகத் தொங்கும். மாட்லின் கல்லூரியின் ஆற்றோரப் புல்வெளியில் ஃபிரிட்டிலரி என்ற மணி வடிவப் பூ மலர்வது ஏப்ரலில். இதழில் சதுரங்கப் பலகைபோல ஊதாக் கட்டங்கள் இருக்கும். ஏப்ரல் நடுவைத் தாண்டிப் போனால் கடைசிப் பூக்களைப் பிடிக்கலாம், மே வந்தால் அநேகமாக முடிந்திருக்கும். மே மாதத்து மாலை வெளிச்சம் எட்டரை மணிவரை நிற்கும்.

மே 1 காலை ஆறு மணிக்கு மாட்லின் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடகர் குழு லத்தீன் துதிப்பாடல் பாடும். கோபுரம் 44 மீட்டர் உயரம். கீழே ஹை ஸ்ட்ரீட் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கூடி, பாட்டு தொடங்கியதும் சட்டென்று அடங்கிப்போவார்கள். இரவெல்லாம் விழித்த மாணவர்கள் கசங்கிய கோட்டுடன் நிற்பார்கள். பாட்டு சில நிமிடம்தான். பிறகு மணிகள் முழங்கும், தெருக்களில் கணுக்காலில் சலங்கை கட்டிய மாரிஸ் ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள், உணவகங்கள் விடியலிலேயே திறந்திருக்கும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய இரவு ஊரிலேயே தங்கியாக வேண்டும். லண்டனிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கோபுரத்தடியில் நிற்காதீர்கள், சற்றுத் தள்ளி மேற்குப் பக்கம் நின்றால்தான் உச்சி தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஒரு யோசனை. பெரும்பாலோர் லண்டன் பார்த்து, ஸ்காட்லாந்து போய், திரும்பும் வழியில் ஆக்ஸ்ஃபோர்டு என்று திட்டம் போடுகிறார்கள். அதற்குள் மே கடைசி வந்து தேர்வுக் காலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டை முதலில் வையுங்கள். ஸ்காட்லாந்தின் மலையும் ஏரியும் மே கடைசியிலும் அப்படியேதான் இருக்கும், அவற்றுக்கு வாசலும் இல்லை, போர்ட்டரும் இல்லை.

மே கடைசியைத் தவிர வேறு வழியில்லை என்றால் கல்லூரியை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போங்கள். டிரினிட்டி ஐந்தாம் வாரம் புதன் முதல் சனி வரை 'சம்மர் எய்ட்ஸ்' படகுப் போட்டி. ஆறு குறுகல், பக்கவாட்டில் முந்த இடமில்லை. அதனால் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, முன்னால் போகும் படகைத் துரத்தி இடிக்க வேண்டும். இடித்தால் மறுநாள் அதன் இடம் உங்களுக்கு. கிறைஸ்ட் சர்ச் மெடோ என்ற புல்வெளி வழியாகப் படகு வீடுகளுக்கு நடந்தே போகலாம். சனிக்கிழமை கூட்டமும் கூச்சலும் உச்சத்தில் இருக்கும்.

செப்டம்பர். கோடைக் கூட்டம் வடிந்திருக்கும், மாணவர்கள் வந்திருக்க மாட்டார்கள், வெயில் இதமாக இருக்கும். கல்லூரிகள் நெடுநேரம் திறந்திருக்கும். மாதக் கடைசியில் சுவரில் படர்ந்த வர்ஜீனியா கொடி செக்கச்செவேலென்று மாறத் தொடங்கும். குறை ஒன்றுதான்: கல்லூரிப் பாடகர் குழுக்கள் விடுப்பில் இருக்கும். இந்த மாதத்தில் ஒரு வார இறுதியில் 'ஆக்ஸ்ஃபோர்டு ஓப்பன் டோர்ஸ்' நடக்கும். வழக்கமாக வெளியாள் நுழைய முடியாத கட்டடங்கள் பல அப்போது இலவசமாகத் திறக்கும். சிலவற்றுக்கு முன்பதிவு தேவை. கட்டடப் பைத்தியங்களுக்கு மற்ற எல்லாத் தேதியையும்விட இதையே சொல்வேன்.

மார்ச் பின்பாதி. ஹிலரி முடிந்திருக்கும், டாஃபடில் பூத்திருக்கும், துடுப்புக்குப் பதில் கழியால் தள்ளும் 'பன்ட்' படகுகளை வாடகைக்கு விடத் தொடங்கியிருப்பார்கள். குளிர் இன்னும் விட்டிருக்காது. ஈஸ்டர் விடுமுறை எந்த வாரம் விழுகிறது என்று பார்த்து அந்த நான்கு நாளைத் தவிருங்கள்.

ஜூலை, ஆகஸ்ட். வானிலைக்கு இதுவே சிறந்த காலம். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 23 டிகிரி. ஆனால் உலகெங்கிலுமிருந்து ஆங்கிலம் படிக்க வரும் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நிறப் பையுடன் நடைபாதையை அடைத்துக்கொண்டு போவார்கள், லண்டன் பேருந்துகள் வந்து கொட்டும். ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களுக்குப் பள்ளி விடுமுறை இப்போதுதான் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. வாருங்கள், ஆனால் செவ்வாய், புதன் பார்த்து, இரவு தங்கி வாருங்கள். ஆகஸ்ட் கடைசி திங்கள் பொது விடுமுறை, அந்த மூன்று நாள் வேண்டாம்.

அக்டோபர் பின்பாதி, நவம்பர். இலையுதிர் நிறம் அக்டோபர் கடைசிவரை இருக்கும். மழை அதிகமுள்ள மாதங்கள் இவை. நவம்பர் நடுவில் மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும். ஆனாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடகர் குழு பாடுவதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. அறை விலையும் குறைவு. தனியாகவோ தம்பதியாகவோ வருபவர்களுக்குச் சொல்வேன், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு அல்ல.

ஜனவரி, பிப்ரவரி. மலிவு, கூட்டமில்லை, குளிர். போர்ட் மெடோ என்ற பெரிய மேய்ச்சல்வெளி அடிக்கடி வெள்ளம் தேங்கி ஏரிபோல ஆகிவிடும், நீர்ப்பறவைகள் இறங்கும். அருங்காட்சியகங்களே உங்கள் நோக்கம் என்றால் தாராளமாக வரலாம்.

6. கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

மாதத்துக்கு இணையாகக் கிழமையும் முக்கியம். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் நல்லவை.

சனிக்கிழமை எந்தப் பருவத்திலும் கூட்டம். ஞாயிறில் பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம், காலை பதினொன்றுக்கு மேல்தான் ஊர் எழும். ஞாயிறன்று ரயில் பாதையில் பராமரிப்பு வேலை வைத்து, பாதி வழி பேருந்தில் அனுப்புவதும் சகஜம். டிக்கெட் எடுக்கும் முன் அதைச் சரிபாருங்கள்.

திங்களன்று பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் மதியம்தான் திறக்கும். குளோஸ்டர் கிரீன் சதுக்கத்தில் புதன் முதல் சனி வரை சந்தை கூடும், பல நாட்டுச் சூடான சாப்பாட்டுக் கடைகள் வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மதியத்துக்கு அது வசதி.

7. முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் கட்டடங்கள், அடுத்து அறை, கடைசியில் ரயில். எல்லாரும் மலிவு ரயில் டிக்கெட்டைக் கண்டதும் அதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் அன்று கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இடமில்லை, அல்லது தனி நிகழ்ச்சிக்காக மூடியிருக்கும்.

முதல் வேலை, நீங்கள் கட்டாயம் பார்க்க நினைக்கும் இரண்டு மூன்று இடங்களின் இணையதளத்தில் அந்தத் தேதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. கிறைஸ்ட் சர்ச்சுக்கு நேரம் குறித்த டிக்கெட். ஹாரி பாட்டர் படத்தில் வரும் படிக்கட்டு அங்கேதான் என்பதால் பள்ளி விடுமுறைகளில் சீக்கிரம் தீரும். (சாப்பாட்டுக்கூடக் காட்சிகள் ஸ்டுடியோ அரங்கில் எடுத்தவை. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.) போட்லியன் நூலகத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டும் அப்படித்தான். 'ரேட்கிளிஃப் கேமரா' என்ற வட்டமான கட்டடம் வாசகசாலை என்பதால் வெளியாள் நினைத்தபோது உள்ளே போக முடியாது. அதை உள்ளடக்கிய சுற்று எந்தெந்த நாளில் என்று பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.

அறைக்கு, விடுமுறைக் காலத்தில் கல்லூரி அறைகளையே வாடகைக்கு விடுகிறார்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் நிறையக் கிடைக்கும். பழைய உணவுக்கூடத்தில், சுவரெல்லாம் ஓவியங்கள் தொங்க, நீள மேசையில் காலை உணவு சாப்பிடலாம். கட்டணம் கட்டி எட்டிப் பார்க்கும் கூடத்தைவிட இது மேல். பதியும் முன் கேட்க வேண்டியவை: குளியலறை அறைக்குள்ளா, பொதுவா? எத்தனையாம் மாடி? பழைய படிக்கட்டுகளில் லிஃப்ட் இருக்காது. பெரியவர்கள் வந்தால் தரைத்தளம் கேட்டு வாங்குங்கள்.

காரில் வருபவர்கள் ஊருக்குள் நுழையாமல் எல்லையிலுள்ள 'பார்க் அண்ட் ரைடு' நிறுத்தங்களில் விட்டுவிட்டுப் பேருந்தில் போவது நல்லது. உள்ளே நிறுத்த இடமும் இல்லை, கட்டணமும் கட்டுப்படியாகாது.

8. அன்றைய நாளை நேரப்படி அடுக்குங்கள்

காலை எட்டு முதல் ஒன்பதரை வரை வெளிப்புறம். ரேட்கிளிஃப் சதுக்கம், கேட் தெரு, ஹெர்ட்ஃபோர்டு பாலம், பிராட் தெரு. படம் எடுக்க இதுதான் நேரம். பத்தரைக்கு மேல் அதே இடத்தில் குடை தூக்கிய வழிகாட்டிகளின் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.

பத்து மணிக்குக் கிறைஸ்ட் சர்ச். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தை மாணவர்களுக்காக மூடுவார்கள் என்பதால் முதல் நேரத்தையே எடுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்து, கூடத்தைப் பார்க்காமலே வெளியே வருபவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்து ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்து செயின்ட் மேரி தேவாலயக் கோபுரம். 127 படி, குறுகலான சுழல்படிக்கட்டு, மேலே ஒருவர் பின் ஒருவராகத்தான் நகரலாம். ரேட்கிளிஃப் கேமரா கட்டடம் வடக்கே இருப்பதால் நடுப்பகலில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், படத்தில் மஞ்சள் கல் பளிச்சென்று விழும். பெரியவர்கள் கீழே தேநீர்க் கடையில் இருக்கட்டும்.

மதியம் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். ஆஷ்மோலியனும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அதனோடு ஒட்டிய பிட் ரிவர்ஸும் இலவசம். மழை வந்தாலும் இந்த நேரம் வீணாகாது.

இரண்டு மணிக்கு மேல் கல்லூரிகள். மாட்லின், நியூ காலேஜ் இரண்டும் போதும். நியூ காலேஜ் தோட்டத்தில் நகரத்தின் பழைய கோட்டைச்சுவர் அப்படியே நிற்கிறது. ஐந்தாறு கல்லூரி பார்க்க ஓடினால் நாலாவதில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

மாலை ஆறு மணி வாக்கில் ஈவன்சாங் எனப்படும் மாலைப் பாடல் வழிபாடு. இலவசம், யாரும் போகலாம். பகலில் டிக்கெட் கேட்ட அதே வாசலில் "ஈவன்சாங்குக்கு வந்திருக்கிறோம்" என்றால் போர்ட்டர் வழி காட்டுவார். கால் மணி முன்னதாகப் போங்கள். இடையில் எழுந்து வருவதும் படமெடுப்பதும் கூடாது. கல்லூரித் தேவாலயங்களில் பருவ நாள்களில் மட்டும், அதிலும் சில கிழமைகள் இருக்காது. கிறைஸ்ட் சர்ச் மறைமாவட்டப் பேராலயமும் என்பதால் அங்கே விடுமுறையிலும் வழிபாடு நடக்கும்.

பன்ட் படகை இந்த அட்டவணையில் நிரந்தரமாகச் சேர்க்காதீர்கள். மார்ச் நடு முதல் அக்டோபர் நடு வரைதான் வாடகைக்கு விடுவார்கள், அதிலும் பெருமழைக்குப் பின் ஆறு வேகமெடுத்தால் நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிந்த காலை எது கிடைக்கிறதோ அன்று ஏறிவிடுங்கள். கழி சேற்றில் சிக்கினால் கழியை விட்டுவிடுங்கள், படகை விடாதீர்கள். கழியைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் தொங்குபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம்.

9. வானிலைக்கு ஏற்ப மூட்டை கட்டுங்கள்

நம் ஊர் ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டித் தீர்க்காது. ஆண்டு முழுவதும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். எந்த மாதமானாலும் தலைமூடி உள்ள மழைச்சட்டை வேண்டும். குடை காற்றில் மடங்கிப் போகும்.

ஜனவரியில் பகலிலேயே சராசரியாக 8 டிகிரிதான், இரவில் 2 வரை இறங்கும். ஒரே தடிமனான கோட்டைவிட, கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்குகள் மேல். ஏனென்றால் அருங்காட்சியகத்துக்குள் ஹீட்டர் சூடு, தேவாலயத்துக்குள் கல்லின் குளிர், வெளியே காற்று என்று நாள் முழுக்க மாறி மாறி வரும். செருப்பும் தேய்ந்த ஷூவும் வேண்டாம், உருண்டைக் கல்லில் பிடிமானம் உள்ள ஷூதான் சரி.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த வார இறுதியில் ரயிலோ டிக்கெட் நேரமோ இருந்தால் கவனம்.

10. இவ்வளவு பார்த்தும் வாசல் மூடியிருந்தால்

இது நடக்கும். திடீர் நிகழ்ச்சி, திருமணம், மாநாடு என்று முன்னறிவிப்பில்லாமல் பலகை தொங்கும். போர்ட்டரிடம் வாதாடுவதில் பயனில்லை. "அருகில் இப்போது திறந்திருப்பது எது?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

கைவசம் மூன்று மாற்று இடங்கள் வைத்திருங்கள். 1621இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் மாட்லின் கல்லூரிக்கு நேரெதிரே இருக்கிறது, கட்டணம் உண்டு. கிறைஸ்ட் சர்ச் மெடோவில் ஆற்றோரம் நடக்கக் கட்டணமே இல்லை. மூன்றாவதை நம்மவர்களுக்கு மட்டும் சொல்வது: வால்டன் தெருவிலிருந்து ஒரு சிறு வாசல் வழியாக உள்ளே போனால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். தமிழ் கற்பிக்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, 1908இல் மறைந்த ஜி. யு. போப்பின் கல்லறை அங்கே இருக்கிறது. டிக்கெட் கிடையாது, தேர்வுக் காலமும் கிடையாது. இருட்டுவதற்குள் போய்விடுங்கள், டிசம்பரில் அது மாலை நான்கு மணிக்கு முன்.